நாமும் நாங்களும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற ஆசிரியர் – பெற்றோர் – இளையோர் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பொன்விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு "மொழி வகுப்பில் மறவாத நிகழ்ச்சிகள்" என்பதாகும். திருவிழா மேடையில் இலக்கண வகுப்புக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஆண்டவரே மொழி கற்றவர் என்பதை முதலில் நினைவுகூர்வோம். நாசரேத்துத் தெருக்களில் பேசப்பட்டது அரமேயம். ஆனால் அவர் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று விரித்த எசாயாவின் ஏட்டுச்சுருளோ எபிரேயம். அவர் அதை வாசித்தார் என்று லூக்கா நான்காம் அதிகாரத்தில் எழுதுகிறார். வாசித்தார் என்றால், வாசிக்கக் கற்றிருந்தார் என்றுதானே பொருள்? வார்த்தையானவரே எழுத்துக் கூட்டிப் படித்தார் என்றால், மொழி கற்பது இறையரசுக்குப் புறம்பான காரியம் அல்ல என்பது தெளிவு.

ஆகவே மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நம் பங்குக்கு இன்று மிகத் தேவையான நான்காவது செய்திக்கு வருவோம்.

பலகையில் அமர்ந்த புனிதர்கள்

புனித அகுஸ்தீனாரை அறியாதார் இல்லை. கி.பி. 354இல் ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்தவர். சொல்வன்மையில் அவருக்கு இணையாக மேலைத் திருச்சபையில் ஒருவரைக் காட்டுவது அரிது. ஆயினும் பள்ளியில் கிரேக்க மொழி அவருக்கு வேம்பாகக் கசந்தது. இலத்தீனையோ தாதியர் மடியிலும், விளையாட்டிலும், சிரிப்பிலும் அச்சமின்றிக் கற்றார். கிரேக்கத்தைப் பிரம்பின் கீழ்க் கற்றார். சிறுவனாய் இருந்தபோது இறைவனிடம் தாம் வேண்டிக்கொண்ட முதல் வேண்டுதல்களில் ஒன்று, பள்ளியில் அடி விழக்கூடாது என்பதே என்று அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தம் தழும்புகளைக் கண்டு பெற்றோரும் சிரித்தனர் என்றும் எழுதுகிறார். மொழியைக் கற்க மிரட்டலைவிட ஆர்வமே ஆற்றல் மிக்கது என்பது அவர் கண்ட முடிவு. பிள்ளைகளை ஆங்கிலத்துக்காக அடிக்கும் பெற்றோர் இதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அகுஸ்தீனாருக்குக் கிரேக்கம் சரளமாய் வரவே இல்லை. பிரம்பு சாதித்தது அவ்வளவுதான்!

புனித எரோணிமுசு வளர்ந்த பின் மாணவரானவர். சீரியாவின் பாலைவனத்தில் தவம் செய்தபோது, அலையும் மனத்தைக் கட்டிப்போட வழி தேடினார். மனந்திரும்பிய ஒரு யூதரிடம் எபிரேய அரிச்சுவடி தொடங்கினார். சிசரோவின் நடையில் ஊறிய நாவு, சீறலும் மூச்சிரைப்பும் கலந்த புதிய ஒலிகளுக்கு வளைய மறுத்தது. எத்தனையோ முறை கைவிட்டதாகவும், மீண்டும் மீண்டும் தொடங்கியதாகவும் பின்னாளில் ஓர் இளந்துறவிக்கு எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அந்தக் கசப்பான விதையிலிருந்து இனிய கனி பறித்ததற்காக ஆண்டவருக்கு நன்றியும் சொல்கிறார். அந்தக் கனிதான், திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் வாசித்த இலத்தீன் விவிலியம்.

புனித இலொயோலா இஞ்ஞாசியார் போர்வீரர். 1524இல், தம் 33ஆம் வயதில், பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஆன்மீக இன்பங்கள் பொங்கி வந்தன, பாடம் ஓடவில்லை. செபத்திலும் திருப்பலியிலும் வராத இந்த இன்பம் இலக்கண வேளையில் மட்டும் வருவானேன் என்று ஆராய்ந்து, இது சோதனையே என்று துணிந்தார். ஆசிரியரை அருகிலிருந்த கடல் அன்னை கோவிலுக்கு அழைத்துச் சென்று, உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளும் உம் வகுப்பில் கவனம் சிதறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். படிக்கும் நேரத்தில் படிப்பதே செபம் என்பதை இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல இயலுமோ?

இறுதியாக, பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித மரிய வியான்னி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் குடியானவப் பிள்ளை. பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 20 வயதில் இலத்தீன் தொடங்கினார். உடன் படித்தவர்கள் சிறுவர்கள். பன்னிரண்டு வயது மத்தியாஸ் லோராஸ், பாடம் ஏறாத இந்தப் பெரிய மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்துச் சலித்து, ஒருநாள் எல்லோர் முன்னிலும் கைநீட்டி அடித்துவிட்டான். வியான்னி அச்சிறுவன் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். சிறுவன் அழுதுவிட்டான். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் அமெரிக்காவின் துபூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானான். இலத்தீனில் தடுமாறிய வியான்னி 1815 ஆகஸ்டு 13இல் குருவானார். ஆர்ஸ் சிற்றூரில் நாளெல்லாம் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து மக்களுக்குச் செவிகொடுத்தார். வேற்றுமை உருபு வராத மனிதருக்கு மனிதர் மனம் புரிந்தது!

குருமடத்து வகுப்பறை

இனி எங்கள் கதை. இங்கே 'நாங்கள்' என்பது உடன் படித்த குருமாணவர் அனைவரையும் குறிக்கும்.

நாங்கள் இளங்குருமடத்தில் சேர்ந்தது 1980களின் பிற்பகுதி. இலத்தீன் மொழியின் நிலை அப்போது விந்தையானது. 1962 பிப்ரவரி 22இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் குருமாணவர்கள் இலத்தீனை நன்கு கற்க வேண்டுமென்று திருமடல் விடுத்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 4இல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. கால் நூற்றாண்டு கழித்து நாங்கள் வந்தபோது, பீடத்தில் தமிழ். பாடவேளையில் வாரம் மூன்று மணி இலத்தீன்.

கற்பித்தவர் முதிர்ந்த ஒரு தந்தை. "ரோசா, ரோசே, ரோசாம்" என்று நாங்கள் ராகம் போட்டுப் பாட, அவர் மேசையில் விரலால் தாளம் போடுவார். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்கள் திணறினர். எங்களைப் போன்ற சிற்றூர்த் தமிழ்வழி மாணவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாய்த் தோன்றவில்லை. காரணம் எளிது. பூவை, பூவால், பூவுக்கு என்று சொல்லின் வால் மாறப் பொருள் மாறுவது நமக்குப் பால்குடியிலேயே பழக்கம். 'அமோ' என்றால் 'நேசிக்கிறேன்'. நேசிக்கிறவன் யார் என்பது வினைமுற்றிலேயே அடக்கம். வினையை வாக்கியக் கடைசியில் வைப்பதும் இருமொழிக்கும் இசைந்த வழக்கம். ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியர் கற்பித்த வேற்றுமை, ரோமாபுரியின் மொழிக்குத் திறவுகோலாயிற்று. தன் தாய்மொழியை இலக்கணத்தோடு கற்றவனுக்குப் பிறமொழி அச்சமூட்டாது என்பதை அன்று கண்டோம்.

ஒருநாள் அந்தத் தந்தை கரும்பலகையில் 'பாத்தெர் நோஸ்தெர்' என்று எழுதி, "நோஸ்தெர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாய்ப் பிரிந்தது. பாதிப் பேர் "நம்" என்றனர்; மறுபாதி "எங்கள்" என்றனர். அவர் புன்னகைத்தார். "இலத்தீனுக்கு இந்த வேறுபாடே தெரியாது. ஆங்கிலத்துக்கும் தெரியாது. தமிழுக்குத் தெரியும். கேட்பவரையும் சேர்த்தால் நாம். கேட்பவரை விட்டுச் சொன்னால் நாங்கள். செபத்தில் நாம் பேசுவது தந்தையோடு. தந்தை தமக்குத்தாமே தந்தை அல்லவே! ஆகவே அங்கே 'எங்கள்' என்பதே இலக்கணம். ஆனால் எழுந்து அடுத்தவனைப் பார்த்துப் பேசும்போது 'நம் தந்தை' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதவன் செபத்தைப் பாதிதான் படித்தவன்" என்றார். மணி அடித்தது. வகுப்பு முடிந்தது. அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை.

மெய்யியல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஊரில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள், அரிஸ்டாட்டிலைப் பற்றி ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டும்! மனத்தில் கேள்வி இருக்கும். நாவில் வாக்கியம் இருக்காது. கேள்வி இல்லாதவன் என்று பிறர் நினைத்துவிடுவதே அதில் பெருந்துயரம். ஒரு பேராசிரியர் மட்டும் வெள்ளிதோறும் கடைசிப் பதினைந்து நிமிடம் யாரும் எந்த மொழியிலும் கேட்கலாம் என்று அறிவித்தார். அதுவரை ஊமையாய் இருந்த பின்வரிசை, அந்தப் பதினைந்து நிமிடத்தில் வகுப்பையே உலுக்கிவிட்டது. மொழி தெரியாதவனை அறிவில்லாதவனாகக் கருதுவது எத்துணைப் பெரிய அநீதி என்பதை நூல் வழியாக அல்ல, அந்தப் பின்வரிசையில் அமர்ந்தே அறிந்தோம்.

இறையியல் ஆண்டுகளில் எபிரேயமும் கிரேக்கமும் வந்தன. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். எழுத்துகள் 22; அத்தனையும் மெய்யெழுத்துகள். 'ருவாஹ்' என்ற சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி என்று மூன்று பொருள் சொன்னார் பேராசிரியர். "ஒரே சொல் மூன்றுக்கும் எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்க, பின்னாலிருந்து இன்னொருவர், "தந்தையே, எங்கள் வீட்டில் இட்லி ஆவியில் வேகிறது. தாத்தாவின் ஆவி பிரிந்தது. கோவிலில் தூய ஆவியை மன்றாடுகிறோம். தமிழில் ஒரே சொல்தான்!" என்றார். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, சுண்ணக்கட்டியை எடுத்து 'ஆவி' என்று தமிழில் பலகையில் எழுதினார்.

அதுபோலவே 'ஷெமா'. இஸ்ரயேலர் நாள்தோறும் சொல்லும் செபத்தின் முதற்சொல்: 'கேள்'. எபிரேயத்தில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே சொல். நம் தாய்மாரும் "பிள்ளை சொன்னதைக் கேட்கமாட்டேன் என்கிறான்" என்றுதானே முறையிடுகிறார்கள்? காது கேட்கவில்லை என்றா பொருள்? 'ரஹமீம்' என்றால் இரக்கம். அதன் வேர் தாயின் கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்'. நல்ல சமாரியர் அடிபட்டவனைக் கண்டு இரங்கினார் என்னும் இடத்தில் லூக்கா ஆளும் கிரேக்கச் சொல்லோ குடல் அசைவதைக் குறிப்பது. இதை விளக்க எங்கள் பேராசிரியருக்கு அகராதி தேவைப்படவில்லை. "பெற்ற வயிறு பதறுது என்று உங்கள் ஊரில் சொல்வார்களே, அது!" என்றார்.

இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் பல மாவட்டத்தார் இருந்தனர். குமரித் தமிழ் பேசும் நண்பர் வாசிக்க எழுந்தால் சிலர் வாய்க்குள் சிரிப்பர். ஒருநாள் பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்து அந்த நண்பரையே வாசிக்கச் சொன்னார். யோர்தான் ஆற்றுத் துறையில் கிலயாதியர் நின்றுகொண்டு, கடக்க வருபவனை ஒரு சொல்லைச் சொல்லப் பணிக்கிறார்கள். 'ஷிபோலத்' என்று சொன்னால் நம்மவன். நா வளையாமல் 'சிபோலத்' என்றால் எப்ராயிமியன், வெட்டு! ஓர் எழுத்தின் ஒலிப்புக்காக மாண்டவர் 42,000 பேர் என்று வேதம் கணக்குச் சொல்கிறது. வாசித்து முடித்ததும் பேராசிரியர் ஒன்றும் விளக்கவில்லை. அதன்பின் அந்த வகுப்பில் எவரும் எவர் பேச்சையும் கேட்டுச் சிரிக்கவில்லை.

நம் மண்ணுக்கு வந்த மாணவர்கள்

நம்மிடம் கற்க வந்தவர்களையும் நாம் மறத்தலாகாது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளாரோ இரவும் பகலும் தமிழே படித்தார். இலத்தீன் இலக்கணத்தைப்போலத் தமிழ் வினைகளையும் பெயர்களையும் வரிசைப்படுத்திக் கொண்டு, சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசத் தொடங்கினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம். ஆனால் இந்திய மொழியொன்று தன் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1600இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கடற்கரையையே தம் வகுப்பறையாக்கிக் கொண்டார்.

1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடினார். 1732இல் 'சதுரகராதி' தொகுத்தார். மறைப்பணியாளர் கற்பதற்காக இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். பழைய ஏடுகளில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்தறிவது கடினம். புள்ளிதான் அடையாளம், அதுவும் ஓலையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். நம் பிள்ளைகள் இன்று 'ஏ'க்குப் போடும் காலும், 'ஓ'வுக்குப் போடும் சுழியும் அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர். இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். நாம் சிரித்துச் சிரித்துப் படிக்கும் 'பரமார்த்த குரு கதை'யை, இலத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்து, மறைப்பணியாளர் பேச்சுத்தமிழ் பழகும் பாடநூலாகவே அவர் ஆக்கி வைத்தார். அறிவில்லாத ஒரு குருவின் கதையைக் குருக்களுக்கே பாடமாக வைத்த அந்தத் துணிவை என்னென்பது!

இத்தாலியரும் போர்த்துக்கீசியரும் வந்து நம் மொழியில் இடறி இடறி நடந்தபோது, நம் முன்னோர் அவர்களைப் பார்த்துச் சிரித்து விரட்டியிருந்தால் இந்தச் செல்வங்கள் நமக்கு வாய்த்திருக்குமா? பொறுமையோடு சொல்லிக் கொடுத்த பெயரறியாத தமிழ் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இந்தப் பொன்விழா மேடையிலிருந்து நன்றி கூறுவோம்.

இன்றைய பின்வரிசை

அன்பர்களே, இனி நம் பங்குக்கு வருவோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் கடைசித் தூணருகே முப்பது நாற்பது இளைஞர்கள் நிற்பதை நீங்கள் காண்கிறீர்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து நம் ஊர் நூற்பாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். நம்மைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். மறையுரை வேளையில் அவர்கள் முகத்தைப் பார்க்கும்போது, ஆங்கில வகுப்பின் அந்தப் பின்வரிசை நம் கண்முன் நிற்கிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சிலர் அறிவீர்கள். ஒரு வேலையிடத்தில் சாரத்தின்மேல் நின்ற இளைஞனைப் பார்த்து, கீழிருந்த மேஸ்திரி "பலகை நழுவுது, கால் வைக்காதே!" என்று உயிர்போகக் கத்தினார். தமிழில் மறுப்பு, சொல்லின் வாலில் வருகிறது. அந்தப் பையன் அறிந்த இந்தியிலோ 'மத்' என்ற மறுப்புச் சொல் வினைக்கு முன்னே வந்துவிடும். முன்னே மறுப்பு வரவில்லை. "கால் வை" என்பது மட்டும் காதில் விழுந்தது. வைத்தான். தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்ட செவிலியருக்கு அவனால் விடை சொல்ல முடியவில்லை. அவன் பிழைத்தது இறைவன் இரக்கம். ஆனால் 'ஆதே' என்ற இரண்டெழுத்தை நாம் யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்?

அவனைப் பார்க்கச் சென்றோம். படுக்கையருகே அவன் நண்பன் ஒருவன் இருந்தான். அவர்களுடைய தாய்மொழி இந்தி அல்ல, குடுக் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது நம் தமிழின் உடன்பிறப்பு. திராவிட மொழிக் குடும்பத்தின் வடகிளை. மூன்றுக்கு 'மூந்த்' என்றான். நான்குக்கு 'நாஃக்' என்றான். ஐந்து முதல் எண்ணுப்பெயர்கள் வடமொழிகளிலிருந்து கடன் வாங்கியவை. நானும் நீயும் எப்படி என்று கேட்டோம். 'ஏன்', 'நீன்' என்றான். பிறகு அவன் சொன்னதுதான் நம்மை உலுக்கியது. கேட்பவரை விட்டுச் சொன்னால் 'ஏம்'. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'! ஆம், அதே 'நாம்'. ரோமாபுரிக்கும் இலண்டனுக்கும் தெரியாத அந்த வேறுபாடு, ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்து நம் கோவில் தூணருகே நின்றுகொண்டிருக்கிறது. நாமோ அவர்களை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம்.

திருப்பலியில் ஒரு பாடலை அவர்கள் மொழியில் பாடலாமா என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தபோது, "நம் கோவிலில் இந்தியா?" என்று சிலர் மனம் கொதித்தனர். அந்தக் கொதிப்பை நாம் இகழவில்லை. 1938இலும் 1965இலும் தாய்மொழிக்காகச் சிறை சென்ற, உயிர்நீத்த மக்களின் மண் இது. ஆனால் அந்தப் போராட்டத்தின் உயிர்க்கருத்து என்ன? எவர் மொழியையும் எவரும் மிதிக்கலாகாது என்பதன்றோ? அந்த நீதி நமக்கு மட்டும் உரியதாய் இருக்க முடியாது. குடுக், முண்டாரி, கடியா பேசும் இம்மக்களும் தம் மொழி பள்ளியில் இடம்பெறாத துயரை அறிந்தவர்கள். சந்தாளி மொழி 2003இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. குடுக் இன்னும் ஏறவில்லை.

பெல்ஜியத்தில் பிறந்த காமில் புல்கே அடிகளாரின் வாழ்வு இதற்கு நல்ல விளக்கம். இளமையில் பிரெஞ்சு மொழியின் ஆதிக்கத்துக்கு எதிராகத் தம் பிளெமிஷ் மொழிக்காக நின்றவர். 1935இல் இந்தியா வந்து, ராஞ்சியில் வாழ்ந்து, மக்களின் மொழியைக் கற்று, 1968இல் ஆங்கில – இந்தி அகராதியை வெளியிட்டார். தன் மொழியை உண்மையாய் நேசிப்பவனே பிறன் மொழியை மதிப்பான்.

இது புதிய சிக்கலும் அன்று. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் முதற்பங்கிலேயே கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் முணுமுணுத்தவர்களை அடக்கவில்லை. முடியப்பர் முதலிய எழுவரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தனர். எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டோரின் மொழி அறிந்தவர் கையில் பந்தியைக் கொடுத்தார்கள். திருச்சபையின் முதல் மொழிச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது.

ஆகவே இப்பொன்விழாவின் நினைவாக நான்கு காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மறைக்கல்விக் கூடத்தில் தமிழ் வகுப்பு. நம் ஆசிரியர்களும் கல்லூரி மாணவரும் நடத்துவார்கள். முதல் பாடம் 'அ, ஆ' அன்று. நில், தொடாதே, ஏறாதே, கால் வைக்காதே, இங்கே வலிக்கிறது என்பவையே முதல் பாடம். அடுத்து பேருந்துப் பலகை, கூலிச்சீட்டு.

இரண்டாவது, அதே கூடத்தில் இன்னொரு கரும்பலகை. அதில் அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர். அவர்கள் மொழியில் வாழ்த்தவும், ஒரு பாடல் பாடவும் நம் இளைஞர்கள் கற்க வேண்டும். கற்பிப்பவன் மட்டுமே பெரியவன் என்ற நினைப்பு கோவில் வளாகத்தில் ஆகாது.

மூன்றாவது, மாதத்தின் முதல் ஞாயிறன்று விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர்களே தம் மொழியில் சொல்லட்டும். ஆண்டவரின் சிலுவைமேல் இருந்த எழுத்தே எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியில் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். சிலுவை தாங்கியதை நம் செவி தாங்காதா?

நான்காவது, நம் சொந்தப் பிள்ளைகள். ஆங்கிலவழியில் படிக்கும் பலர், வாசக மேடையில் தமிழை எழுத்துக் கூட்டுகிறார்கள். அவர்களை நோக்கியும் சிரிப்பு வேண்டாம். இரவுச் செபத்தில் அன்றைய நற்செய்தியைப் பிள்ளையே உரக்க வாசிக்கட்டும். நாளுக்குப் பத்து வரி போதும். தாயும் தந்தையும் பொறுமையோடு கேட்டிருந்தால், ஓராண்டில் அந்தப் பிள்ளை பீடத்தருகே தலைநிமிர்ந்து நின்று வாசிக்கும். தன் மொழியில் வேரூன்றிய பிள்ளைக்கு எம்மொழியும் எட்டும்.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்கச் செய்தார். வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இரண்டு கரும்பலகைகளும் தயாராயிருக்கும். சுண்ணக்கட்டி வாங்கியாயிற்று. சொல்லிக் கொடுக்க வருவோர் பெயர்களை இன்று கூட்டம் முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலரிடம் கொடுக்கலாம். கற்றுக்கொள்ள வருவோர் பெயர்களையும் கொடுக்கலாம். இரண்டு பட்டியலிலும் பெயர் எழுதுவோருக்கு ஆண்டவர் இரட்டிப்பாய் ஆசி வழங்குவாராக. நம் தந்தை நம் அனைவரையும் காப்பாராக.